மகள் வீட்டு விருந்தில் அம்மாவுக்கு என்ன வேலை?

தீபாவளி நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி, முறுக்கு ஏன் நமுத்துப் போகிறது, அதிரசம் ஏன் பிரிந்து போகிறது என்றுதான் இருக்கும். இந்த மாதம் அடுப்படியில் யார் நிற்பது என்பதுதான் பலருக்கும் பிரச்சினை. முதல் கேள்விக்கே பாதி இடம் போய்விட்டது, மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு 29 வயது, ஆசிரியை. போன வருடம் தலை தீபாவளிக்கு மருமகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த வருடம் தாமானில் வாங்கிய அவர்கள் வீட்டில் முப்பது பேருக்கு ராத்திரி விருந்து வைக்கப் போகிறாளாம். சம்பந்தி வீட்டார், மருமகனோடு வேலை செய்கிறவர்கள், அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் என்று ஒரு பெரிய பட்டியல். தீபாவளிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாள். "மா, நீங்க சும்மா வந்து உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிறாள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் புலனத்தில் கூப்பிட்டு, பிரியாணிக்கு எத்தனை கிலோ அரிசி, ஆட்டிறைச்சி எவ்வளவு என்று கேட்கிறாள். சொன்னால் "சரி சரி, எனக்குத் தெரியும்" என்று வைத்துவிடுகிறாள். நான் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து தீபாவளிக்குப் பலகாரம் சுட்டவள், வருகிறவர்கள் போகிறவர்கள் யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது கரண்டியை வாங்கி இரண்டு கிண்டு கிண்டினேன், அதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது நான் போய் உதவுவதா, விருந்தாளி மாதிரி போய் உட்காருவதா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, சும்மா உட்காரவும் வேண்டாம், கரண்டியைப் பிடுங்கவும் வேண்டாம். உங்கள் மகளிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த விருந்தில் எனக்கு என்ன வேலை கொடுக்கிறாய்?" அவள் ஒரு வேலை சொன்னால் அதை முழுசாகச் செய்து கொடுங்கள். சொல்லாத வேலைக்குப் போகாதீர்கள். அவள் உட்காருங்கள் என்று சொல்வது உங்கள் கையை நம்பாமல் இல்லை. முப்பது பேர், அதிலும் சம்பந்தி வீட்டார், கிளம்பும்போது "உங்க அம்மா நல்லா சமைச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான். நியாயமான பயம். நீங்கள் அடுப்படியில் நின்றால் அப்படித்தான் சொல்வார்கள், அவள் காலையிலிருந்து வெங்காயம் உரித்தது யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் நீங்கள் செய்த தீபாவளியும் இவள் வைக்கிற விருந்தும் ஒரே வேலை இல்லை. அங்கே காலையில் தோசைக்கு வைத்த ஆட்டுக்கறி அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும், லயத்து ஆட்கள் நாலு பேர் வருவார்கள், பசியாறிவிட்டுப் போவார்கள், அடுத்து ஐந்து பேர் வருவார்கள், குறைந்தால் இன்னும் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றி உப்பு போட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்க அப்படியே ஓடும். இங்கே முப்பது பேரும் அரைமணி நேரத்துக்குள் வந்து நிற்பார்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் சூடாக இருக்க வேண்டும், நாலு பேருக்கு வாங்கிய அடுப்பில். அதனால் உங்கள் அனுபவத்தில் அவளுக்கு எது பயன்படும், எது பயன்படாது என்று பிரித்துப் பாருங்கள்.

முதலில் நாளைப் பற்றிப் பேசுங்கள், இது ருசி விஷயம் இல்லை, தைரியமாகப் பேசலாம். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை 14ஆம் தேதி. அமாவாசை முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்கி ஆறு நாள் ஓடும், அந்தச் சனிக்கிழமை அதற்குள்ளேதான் வந்து மாட்டுகிறது. சம்பந்தி அம்மா விரதம் இருக்கிறவராக இருந்தால், அவர் வந்து ஆட்டிறைச்சி பிரியாணியைப் பார்த்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட வேண்டியதாகிவிடும், மருமகள் வைத்த முதல் விருந்து காலத்துக்கும் அப்படியே நினைவில் நின்றுவிடும். மகளை விட்டு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். விரதம் இருந்தால் இரண்டு வழி. ஞாயிறு பொது விடுமுறைக்குப் பதிலாக 9ஆம் தேதி திங்கட்கிழமை பேராவில் விடுமுறை வருகிறது, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் 21ஆம் தேதிக்குத் தள்ளலாம். நாளை மாற்றவே முடியாதென்றால் சைவச் சமையலை நிஜமான சமையலாகச் செய்ய வேண்டும். பிரியாணியிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டுக் கொடுப்பதெல்லாம் சைவம் ஆகாது. சைவத்தை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு அப்புறம் இறைச்சியைத் தொடுங்கள். கரண்டி தனி, மேசை தனி. அந்த மேசைக்கு நீங்களே பொறுப்பு எடுத்துக்கொண்டால் அது அருமையான வேலை. அவளுடைய அடுப்படிப் பக்கமே நீங்கள் போக வேண்டியதில்லை, சம்பந்தி அம்மாவைக் கவனித்த மாதிரியும் ஆயிற்று.

அளவைக் கேட்டாள் இல்லையா, அதற்கு எழுதியே கொடுத்துவிடுங்கள், போனில் சொன்னால் "சரி சரி"தான் வரும். தொட்டுக்கொள்ள வேறு கறிகளும் இருக்கிறபோது ஆளுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே பாஸ்மதி போதும். முப்பது பேருக்கு மூன்று, மூன்றரை கிலோ. ஆட்டிறைச்சி எலும்போடு நாலு கிலோ, கோழி மூன்று. இதற்கு மேல் வாங்கினால் மறுநாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தாப்பாவ் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான். அந்த மூன்றரை கிலோவை ஒரே குண்டானில் போட வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டு அடுப்பின் தீ பெரிய குண்டானின் அடியில் நடுவில் மட்டும்தான் படும். அடி தீய்ந்துகொண்டிருக்கும்போது மேலே அரிசி அரைவேக்காடாக நிற்கும், கிளறினால் குழைந்துவிடும். இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றை தம் போட்டு இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றினால் தொல்லை இல்லை. உங்களிடம் அடி கனமான பழைய குண்டான்கள் இருக்குமே, அவற்றைத் தேய்த்து ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தேங்காய்ப் பாலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கே குருமாவை முடித்து மூடி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள், நம் ஊர்ச் சூட்டில் அது ராத்திரி எட்டு மணிக்கு மூடியைத் திறக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். மசாலாவை வதக்கிக் காய்கறியை வேகவைத்து நிறுத்திவிட்டு, பாசாரில் அன்று பிழிந்த பாலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, ஆட்கள் வருவதற்கு முன்னால் ஊற்றி ஒரு கொதி விட்டால் போதும். சோறு, இறைச்சி எதுவாக இருந்தாலும் சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக் கூடாது, முன்வாசலில் கூடாரத்துக்குக் கீழே வெக்கையில் வைத்தால் ஒரு மணி நேரம்தான். சோற்றில் இருக்கிற கிருமி வேகவைத்தாலும் வித்தாக உயிரோடு இருக்கும், ஆறிய சோற்றில் பெருகி விஷம் கக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மேசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள், மீதி அடுப்பிலேயே சூடாக இருக்கட்டும்.

இந்த மாதிரி கெட்டுப்போகிற விஷயமாக இருந்தால் வாயைத் திறங்கள். ருசி விஷயமாக இருந்தால் திறக்காதீர்கள். உப்பு குறைவா, காரம் தூக்கலா, கறிவேப்பிலை போட மறந்துவிட்டாளா, பேசாமல் சாப்பிடுங்கள். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் மசாலா போட்டிருக்கலாம்" என்று நீங்கள் சொன்னால், அது அவர்கள் வீட்டில் அடுத்த தீபாவளி வரைக்கும் ஓடும்.

அப்புறம், விருந்துக்கு முன்னால் செய்து கொடுக்கக்கூடிய வேலைகள்தான் உங்களுக்குப் பொருத்தம். மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை எல்லாம் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக் கறித்தூள் தயார் செய்யுங்கள். கடைப் பொட்டலத்தில் அந்த வாசம் வராது என்பது அவளுக்கும் தெரியும், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். அச்சு முறுக்கு ஒரு டின், ஓமப்பொடி ஒரு டின். அச்சை எண்ணெயிலேயே கிடத்திச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கி எடுக்க வேண்டும், மேல் விளிம்பில் மாவு ஏறினால் முறுக்கு கழன்று வராது என்பதை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சொல்லிக் கொடுங்கள். விருந்து அன்று பதற்றத்தில் சொன்னால் ஏறாது.

உங்களுக்குக் காசு செலவழிக்க மனசு இருந்தால் இன்னொரு யோசனை: அன்றைக்கு மட்டும் பாத்திரம் கழுவ ஒரு அம்மாவை உங்கள் செலவில் ஏற்பாடு செய்துவிடுங்கள். தங்கக் காசு கொடுத்தாலும் இவ்வளவு சந்தோஷப்பட மாட்டாள், ராத்திரி பதினொரு மணிக்கு அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். தீபாவளி விருந்து என்றால் என் அம்மாவும் மாமியாரும் ஒரே நேரத்தில் என் அடுப்படிக்குள் வந்துவிடுகிறார்கள். ஒருவர் போட்டதை ஒருவர் மாற்றுகிறார். யாரை வெளியே போகச் சொல்வது?
— ஒரு வாசகி, பீடோர்

பதில்: தங்கச்சி, யாரையும் போகச் சொல்லாதே, ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்துவிடு. மாமியாருக்குச் சாமி அறையும் வாசலும்: விளக்கு, கோலம், வருகிறவர்களை வரவேற்பது, பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுப்பது. அம்மாவுக்குத் தண்ணி கலக்குகிற மேசையும் பாயசமும். ஜவ்வரிசிப் பாயசம் நிற்க நிற்க இறுகிக்கொண்டே போகும், பால் ஊற்றி ஊற்றிச் சரிபண்ண ஒரு ஆள் தேவை, அது அவரை நன்றாகவே பிடித்து வைக்கும். இதை அன்று காலையில் சொன்னால் சண்டை வரும், மூன்று நாளைக்கு முன்பே உன் கணவர் அவர் அம்மாவிடம் சொல்லட்டும், நீ உன் அம்மாவிடம் சொல்.

கேள்வி: என் மகள் அவள் வேலையிடத்து மலாய்க்கார நண்பர்களையும் சீன நண்பர்களையும் சேர்த்து ராத்திரி ஏழு மணிக்கு அழைத்திருக்கிறாள். ஹலால் கோழி வாங்கினால் போதும் என்கிறாள். போதுமா? எனக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை, அவளுக்கு உதவியாக என்ன செய்யலாம்?
— ஒரு தாய், கோலகங்சார்

பதில்: கோழியோடு முடியாது, அக்கா. கோழியைப் பாசாரில் மலாய்க்காரர் கடையிலேயே வாங்குங்கள், உறைந்த ஆட்டிறைச்சி வாங்கினால் பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அலமாரியைத் திறந்து சாஸ் போத்தல்களைப் பாருங்கள், சிப்பி சாஸ், சமையல் ஒயின் மாதிரி ஏதாவது நூடல்ஸுக்கு வாங்கி வைத்தது இருக்கும், அவற்றை அன்றைய சமையலில் சேர்க்க வேண்டாம். கடையில் வாங்கும் ஜெல்லி, புடிங் வகைகளிலும் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், நாமே அகார் அகார் போட்டுச் செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை, அது கடற்பாசிதான். உங்கள் வீட்டுச் சட்டியில் எப்போதாவது பன்றி இறைச்சி சமைத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட வீடுகளில், ஹலால் சான்று உள்ள ஒரு கடையில் மலாய் நண்பர்களுக்கான சாப்பாட்டைச் சொல்லிவிட்டு, காகிதத் தட்டு, புதுக் கரண்டி வைத்துவிடுவதுதான் மரியாதை. அவர்களும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அப்படியும் யாராவது முறுக்கும் தண்ணியும் மட்டும் எடுத்துக்கொண்டால் வற்புறுத்தக் கூடாது.

பீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மருமகனின் கூட்டாளிகள் தீபாவளி என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று மருமகனை விட்டு முன்பே சொல்ல வையுங்கள், பின்பக்கம் வைத்துக் குடிக்கிறோம் என்பதெல்லாம் சரிப்பட்டு வராது.

மாட்டிறைச்சி நம் வீட்டில் எப்படியும் இருக்காது. சீன நண்பர்களில் சிலர் குவான் இன் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், அவர்களும் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள், சிலர் குறிப்பிட்ட நாட்களில் சுத்த சைவம். கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

நேரம்தான் இதில் பெரிய தவறு. நவம்பரில் பேராவில் பொழுது சாய்வது ஏழு மணியை ஒட்டித்தான், மக்ரிப் தொழுகைக்கு அப்போதுதான் பாங்கு சொல்வார்கள். ஏழு மணிக்கு வரச் சொன்னால் அவர்கள் தொழுவதா காடியில் வருவதா என்று தவிப்பார்கள். ஏழரை அல்லது ஏழே முக்கால் என்று மாற்றச் சொல்லுங்கள். சீக்கிரமே வந்துவிடுகிறவர்களுக்கு ஒரு அறையைச் சுத்தம் செய்து, சாமிப் படம், நாய் எதுவும் இல்லாமல் விட்டு வையுங்கள். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள், அந்த அறைதான் உங்கள் வேலை. வீட்டில் நாய் இருந்தால் அன்றைக்கு அதைக் கவனித்துக்கொள்வதும்.

கேள்வி: என் மகள் விருந்துக்கு எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடப் போகிறாளாம். தீபாவளிக்குக் கூடவா கடைச் சாப்பாடு? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து முப்பது பேருக்குச் சமைக்கிறவள் விருந்தாளிகளோடு பத்து நிமிடம் கூடப் பேச முடியாது, முகம் முழுக்க எண்ணெய் வழிய நிற்பாள். பிரியாணியும் ஒரு இறைச்சி வகையும் வெளியே சொல்லட்டும், ரசமும் ஒரு பொரியலும் பாயசமும் நீங்களும் அவளும் வீட்டில் செய்யுங்கள், வாசலில் நுழையும்போது வீட்டுச் சமையல் வாசம் அடித்தால் போதும். கடைச் சாப்பாட்டை வீட்டுக் குண்டானுக்கு மாற்றிவைத்து "எல்லாம் நாங்களே செய்தோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சின்ன ஊரில் அந்தப் பிரியாணி எந்தக் கடையினுடையது என்று முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தீபாவளி வாரத்தில் நம் ஊர்களில் சமையல்காரர்கள் கையில் சிக்க மாட்டார்கள், ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிட வேண்டும். எத்தனை மணிக்குக் கொண்டுவருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே காடியில் நாலு வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வருகிறவர் உங்கள் வீட்டுக்கு ஐந்து மணிக்கே இறக்கிவிட்டுப் போனால், எட்டு மணிக்கு அது பரிமாறுகிற நிலையில் இருக்காது.

கேள்வி: என் மகள் வீட்டு விருந்தில் அம்மாவுக்கு ஆயிரம் வேலை, எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதா?
— ஒரு தகப்பன், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, உங்களுக்குத்தான் வேலை அதிகம், யாரும் சொல்லவில்லை அவ்வளவுதான். அக்டோபர், நவம்பர் சாயங்காலத்தில் நம் பக்கம் இடி மழை இல்லாத நாள் குறைவு, அதனால் வாசலில் கூடாரம் போடுகிறவரை இப்போதே பிடித்து, பக்கத்துத் துணியும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், வெறும் மேல்துணி மட்டும் போட்டால் சாரல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில்தான். தாமானில் பதினைந்து காடி வந்தால் எதிர்வீட்டு வாசலை மறைத்துத்தான் நிற்கும், முந்தின நாளே நாலு வீட்டுக்கும் ஒரு தட்டு முறுக்கோடு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வருகிறவர்கள் இருந்தால் சுங்கை சிப்புட் நிலையத்துக்குக் காடியோடு போய் நிற்பதும் உங்கள் பொறுப்பு, பண்டிகை நேரத்து டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை இப்போதே அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். கேஸ் தோம்பு இரண்டாவதாக ஒன்று நிரம்பியதாக இருக்க வேண்டும், பாதி பிரியாணியில் தீர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தேடி அலைய வேண்டிவரும். மாற்றி மாட்டிய பிறகு வாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். ஐஸ் கட்டியை மட்டும் காலையிலேயே வாங்கி வைக்காதீர்கள், ஆறு மணிக்குப் போனால் போதும்.